கடலோர மரக்குடில்: சில வருடங்கள் இருந்து பார்த்த பிறகு

கட்டி முடித்த வாரத்தில் எடுக்கிற படங்களில் எல்லாக் குடிலும் அழகாகத்தான் இருக்கும். உப்புக்காற்று உள்ளே புகுந்து, வெயில் மரத்தைத் தின்று, மணல் கதவிடுக்கில் ஏறிய பிறகு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. கடலோரத்தில் கட்டிய சின்ன மரக்குடில் ஒன்றில் சில வருடங்கள் புழங்கிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

இயற்கையோடு ஒன்றிப்போகிற வீடு என்றதும் பலர் முதலில் கேட்பது நிறத்தை. பச்சை அடிக்கலாமா, மண் நிறம் அடிக்கலாமா? என்னைக் கேட்டால் நிறம் கடைசிக் கவலை. கண்ணை உறுத்துவது கூரைவிளிம்பு வானத்தை வெட்டுகிற இடம். எங்கள் குடில் மணல்மேட்டின் உச்சியில் இல்லை. கடலுக்கு மறுபுறச் சரிவில், பின்னால் இருக்கும் புதர்களின் உயரத்துக்கு மேல் போகாமல் இருக்கிறது. வருகிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம்தான். "என்ன, கடல் முழுசாகத் தெரியவில்லையே?" என்பார்கள். மேட்டில் இருக்கும் ஒரு பள்ளத்தின் வழியாகத் தெரிகிற துண்டுக்கடல் எனக்குப் போதும். புயல் அடிக்கும்போது காற்றின் பெரும்பகுதி தலைக்கு மேலே போய்விடுகிறது, அதற்கு முன்னால் காட்சியெல்லாம் இரண்டாம்பட்சம்.

கூரைக்கு நாங்கள் பார்த்த முன்மாதிரி கலிஃபோர்னியாக் கரையில் இருக்கும் சீ ராஞ்ச். லாரன்ஸ் ஹால்பிரின் நிலத்தைத் திட்டமிட்ட குடியிருப்பு அது. அதன் முதல் கட்டடத் தொகுதி 1965-இல் முடிந்தது. காற்று சீவிவிட்ட மரவரிசையின் சாய்வையே கூரைக்கும் கொடுத்திருப்பார்கள். ஒரே பக்கம் சரியும் கூரை, வெளியே நீளும் இறவாரம் கிடையாது, காற்றுக்குப் பிடிமானம் இல்லை. சாய்வை நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஆனால் இறவாரமே இல்லாத வீட்டில் மழை நேராகச் சுவரில் அறையும், ஜன்னலுக்கு நிழலும் இருக்காது. அதனால் காற்று படாத பக்கம் மட்டும் கூரையை நீட்டி ஒரு தாழ்வாரம் விட்டோம். குடிலிலேயே அதிகம் புழங்குகிற இடம் இப்போது அதுதான்.

அந்தத் தாழ்வாரத்துக்கு ஒரு விலையும் உண்டு. சுவர்ப்பலகை சீடர் மரம், பெயின்ட், வார்னிஷ் எதுவும் அடிக்கவில்லை. வெயிலின் புறஊதாக் கதிர் மரத்தின் லிக்னினை, அதாவது மரநார்களைப் பிணைத்து வைக்கும் பொருளைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெள்ளி கலந்த சாம்பல் நிறம். மழையும் வெயிலும் படும் சுவர்கள் சீக்கிரமே மணல்மேட்டோடு சேர்ந்துவிட்டன. இறவாரத்துக்கு அடியில் இருக்கும் பலகை மட்டும் இன்னும் பழுப்பு. எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், ஆணி. மரவேலைக்கு வந்தவர்கள் கைவசம் இருந்த ஸ்டெயின்லெஸ் திருகுகள் தீர்ந்ததும், ஒரு ஜன்னலுக்குக் கீழே சாதாரண இரும்பாணியை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சீடரில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். அதோடு இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுத்துவிடும். அடுத்த மழையிலேயே ஒவ்வொரு ஆணியிலிருந்தும் அழுத கண்ணின் மை வழிந்த மாதிரி ஒரு கோடு. ஆணிகளைப் பிடுங்கி, ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தேய்த்ததில் முக்கால்வாசி போனது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் மிச்சம் தெரியும்.

கீல், தாழ்ப்பாள், திருகு என்று எதுவானாலும் 304 ரக ஸ்டெயின்லெஸ் கடற்கரைக்குப் பற்றாது. 316 வாங்குங்கள், அதில் இருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்பைத் தாங்க உதவுகிறது. அதிலும் ஒரு வேடிக்கை. மழையில் நனைகிற தாழ்ப்பாள் பளிச்சென்று இருக்கிறது, தாழ்வாரத்தில் பத்திரமாக இருக்கிற கீலில்தான் பழுப்புக் கறை ஏறுகிறது. மழை கழுவாத இடத்தில் உப்பு அப்படியே தங்கிவிடுவதுதான் காரணம். அவ்வப்போது நல்ல தண்ணீரில் துடைத்துவிட்டால் சரி, ஆனால் துடைக்கத்தான் வேண்டும்.

அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் கொட்டவில்லை. திருகுபோல் மண்ணுக்குள் முடுக்குகிற எஃகுத் தூண்களின் மேல் குடில் நிற்கிறது. அடியில் மணல் தன்பாட்டுக்கு வந்து போகிறது, சுவரில் முட்டிக் குவிவதில்லை. நேர் அடியில் வெளிச்சம் இல்லாததால் ஒன்றும் முளைக்கவில்லை. விளிம்பு வரைக்கும் கொடியும் புல்லும் திரும்பி வந்துவிட்டன. நடைபாதைப் பலகைகளுக்கு இடையே இடைவெளி விட்டதால் அதற்குக் கீழும் பச்சை இருக்கிறது. மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்கள்தான், அலங்காரச் செடி என்று எதையும் நாங்கள் நடவில்லை.

மரம் எவ்வளவு மறைந்தாலும் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். வெயில் சாயும் நேரத்தில் தட்டையான பெரிய கண்ணாடி தூரத்திலிருந்தே பளீரென்று அடிக்கும், பறவைகளும் வானம் என்று நம்பி வந்து மோதும். எங்கள் ஜன்னல்கள் சின்னவை, சுவருக்குள் ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தவை; முன்னால் மரச்சட்டத் தட்டி. உப்புப் படலம் துடைக்கிற வேலையும் குறைவு. இரவு விளக்கும் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். ஆமைகள் முட்டையிடும் கரை என்றால் இன்னும் கவனம் வேண்டும்: பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நினைத்து நகரும். தாழ்வான, மூடியிட்ட, செம்மஞ்சள் விளக்கு போதும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. கட்டடக்கலைஞர் லெ கார்புசியே 1952-இல் மத்தியதரைக் கடலோரம் தனக்குக் கட்டிக்கொண்ட குடில் 3.66 மீட்டர் சதுரம்தான். அதைக் காட்டி எல்லாரும் சின்ன வீட்டைப் புகழ்வார்கள். அதில் சமையலறை இல்லை, பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக்குள் போக ஒரு கதவு இருந்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள்! உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால் அடுப்புக்கும், ஈரத்துணிக்கும், மணற்காலைக் கழுவுவதற்கும் முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். கால் கழுவும் இடம் வாசலுக்கு வெளியே இருப்பது நல்லது.

இப்போதைக்கு நிம்மதி இல்லாத ஒரே விஷயம் சறுக்குக் கதவு. கீழ்த்தண்டவாளத்தில் மணல் நிறைந்து சக்கரம் இறுகிவிடுகிறது, எத்தனை பெருக்கினாலும் அடுத்த காற்றுக்கு மறுபடியும் அதே கதை. அதைக் கழற்றிவிட்டு, தாழ்வாரப் பக்கம் வெளியே திறக்கிற கீல்கதவு போடப் போகிறோம்.