பரிணாமம் வழியே புதுமை: புதுச்சேரிப் பயிலரங்கு ஒன்றின் மதிப்புரை

குழுவாக அமர்ந்து புதிய யோசனைகளைக் கண்டெடுப்பதற்கு உயிர்களின் பரிணாமத்திலிருந்து என்ன கற்கலாம் என்பதே புதுச்சேரியில் நடக்கும் இந்த ஒருநாள் பயிலரங்கின் பொருள். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரி உடைக்கும் மகளிர் குழுக்களோடு பணியாற்றுபவர்கள் என்ற முறையில், எங்கள் அலுவலகத்தாரும் குழுப் பெண்களும் சேர்ந்தே கலந்துகொண்டோம். இதன் காலை அமர்வை யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிற்பகலைப் பற்றிக் குறைகள் உண்டு. நல்ல முயற்சி இன்னும் நன்றாக அமைய வேண்டும் என்ற அக்கறையினால் அவற்றையும் எழுதுகிறேன்.

ஸ்ரீ அரவிந்தர் வாழ்ந்த ஊரில் பரிணாமம் பற்றிப் பேசுவதால், அவர் எழுதிய ஆன்மிகப் பரிணாமம் வேறு, டார்வின் 1859இல் முன்வைத்தது வேறு என்று பயிற்றுநர் தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிட்டார். டார்வினின் கருத்தை உளவியலாளர் டொனால்ட் காம்ப்பெல் 1960இல் படைப்புச் சிந்தனைக்குப் பொருத்திக் காட்டினார்: முதலில் பலவகை மாறுபாடுகள் தோன்ற வேண்டும், பிறகு அவற்றில் தேர்வு நடக்க வேண்டும், தேர்ந்தது அழியாமல் அடுத்தடுத்துக் கடத்தப்பட வேண்டும். இந்த மூன்றையும் விளக்குவதற்குப் பயிற்றுநர் முந்திரியையே எடுத்துக்கொண்டது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. முந்திரியில் அயல் மகரந்தச் சேர்க்கை நடப்பதால், கொட்டையிலிருந்து முளைக்கும் கன்றுகள் தாய்மரத்தைப் போலவே அமைவதில்லை. அவற்றுள் நன்றாகக் காய்க்கும் மரத்தை அடையாளம் கண்டு, அதிலிருந்து ஒட்டுக்கன்று எடுத்தால்தான் அந்தக் குணம் அப்படியே நிற்கும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் முந்திரி ரகங்களை நட்டவர்கள் எங்களோடு இருந்ததால், இதற்குமேல் விளக்கமே தேவைப்படவில்லை.

நம் கூட்டங்களில் ஒருவர் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் ‘அதெல்லாம் நடக்காது’ என்று சொல்லிவிடுகிறார்; அதாவது மாறுபாடு தோன்றும்போதே தேர்வும் தொடங்கிவிடுகிறது. இதற்கு மாற்றாகப் பயிற்றுநர் தந்தது, பெர்ன்ட் ரோர்பாக் 1968இல் வெளியிட்ட, யோசனைகளைப் பேசாமல் எழுதிச் சேர்க்கும் முறை. ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கு மூன்று யோசனைகளை ஐந்து நிமிடத்தில் பேசாமல் எழுதி, தாளை அடுத்தவரிடம் தள்ள வேண்டும். அவர் மேலே உள்ளதைப் படித்துவிட்டுத் தம் மூன்றைக் கீழே எழுத வேண்டும். ஆறு சுற்று முடிந்தால், அரை மணி நேரத்தில் 108 பதிவுகள் சேர்ந்துவிடும். ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடிகிற வழக்கமான கூட்டத்தைவிட, தனித்தனியே யோசித்துத் தொகுப்பதில் அதிக யோசனைகள் கிடைக்கின்றன என்பதை 1958 முதலே ஆய்வுகள் காட்டிவருகின்றன.

கொட்டையைத் திருகி எடுத்தபின் தோப்பில் அழுகும் முந்திரிப்பழத்தை என்ன செய்வது என்பதுதான் எங்கள் மேசைக்குத் தரப்பட்ட கேள்வி. ஒரு தாளின் முதல் வரியில் ‘பழச்சாறு’ என்று மட்டும் இருந்தது. அதன் கீழே வேறொரு கையெழுத்தில் ‘தொண்டையைக் காறும், யாரும் குடிக்க மாட்டார்கள்’ என்று வந்தது. அதற்குக் கீழே, கூட்டங்களில் வாயே திறக்காத ஒரு குழு உறுப்பினர், ‘கஞ்சித் தண்ணீர் ஊற்றித் தெளிய வைத்தால் காறல் போய்விடும்’ என்று பென்சிலால் எழுதியிருந்தார். சாற்றில் காறலைத் தரும் டானின் என்ற பொருளைக் கஞ்சி படியச் செய்துவிடும் என்பது உண்மைதான். அதற்கடுத்தவர், பிழிந்த சக்கையை உலர்த்தி மாட்டுத் தீவனத்தில் கலக்கலாம் என்றார். ஒன்றிலிருந்து ஒன்றாக, சிறு மாற்றத்தோடு இறங்கிவந்த அந்த வரிகளைப் படித்தபோது, பரிணாமத்தை ஏன் இந்தப் பயிற்சிக்கு அடிப்படையாக வைத்தார்கள் என்பது எங்களுக்கு நன்றாகவே விளங்கியது.

பிற்பகலில் தேர்வு நடந்த விதம் சரியில்லை. பிடித்த யோசனையின் மேல் வட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். பதவியில் மூத்தவர் முதலில் எழுந்து ஒட்டியதும், மற்றவர்களின் ஸ்டிக்கர்களும் அதைச் சுற்றியே விழுந்தன. இயற்கையில் தேர்வு என்பது சூழலோடு ஏற்படும் பொருத்தம். இங்கே சூழல் என்பது சாற்றைக் குடிப்பவரும், அதை விற்கும் கடைக்காரரும், பிழியப்போகும் பெண்களும்தான். குறைந்த அளவில் செய்து பார்த்து அவர்களிடம் கொடுத்துப் பார்க்கும் கட்டம் நிகழ்ச்சியில் இல்லை. ஸ்டிக்கர்தான் வேண்டுமென்றால், எல்லோரும் முதலில் தம் தேர்வை மறைவாகக் குறித்துக்கொண்ட பிறகாவது ஒட்டச் சொல்லியிருக்கலாம்.

ஒரு வேலைக்காக அமைந்த உறுப்பு வேறொரு வேலைக்குப் பயன்படுவதைப் பற்றிய பகுதி சுருக்கமாக இருந்தாலும் நன்றாக அமைந்தது. இதற்குத் தொல்லுயிரியலாளர்களான கூல்டும் விர்பாவும் 1982இல் தனிப் பெயரே வைத்தார்கள். பறவையின் இறகு முதலில் வெப்பத்தைக் காத்துப் பின்னர் பறக்க உதவியது அவர்கள் தந்த எடுத்துக்காட்டு. பருப்பைச் சுற்றிக் காவலாக இருந்து, உடைப்பவர்களின் கையைப் புண்ணாக்கிவிடும் முந்திரி ஓட்டு எண்ணெய், இன்று வாகன பிரேக் லைனிங்கில் சேர்கிறது என்று ஒருவர் எழுந்து சொன்னபோது அரங்கம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

கடைசி அரை மணியில் எலினோர் ஆஸ்ட்ரமின் எட்டு நெறிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பொதுவளத்தை மக்களே கட்டிக் காப்பதைப் பற்றிய ஆய்வுக்காக 2009இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவரும், பரிணாம உயிரியலாளர் டேவிட் ஸ்லோன் வில்சன் முதலானோரும், அந்த நெறிகள் எந்தக் குழுவுக்கும் பொருந்தும் என்று 2013இல் வெளியான கட்டுரையில் எழுதியிருந்தார்கள். யார் உறுப்பினர், விதியை யார் வகுப்பது, மீறினால் படிப்படியாக என்ன தண்டனை என்பவற்றையெல்லாம் தம் ஊர்ப் பஞ்சாயத்தின் அனுபவத்திலிருந்து பேசக்கூடிய மீனவர்கள் கடலூர்க் கடற்கரை முழுவதும் இருக்கும்போது, இதற்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது கட்டமான கடத்துதல் முற்றிலும் விடுபட்டது. எழுதிய தாள்களை வாங்கிக்கொண்டார்கள். நகல் தருவதாகச் சொன்னது இன்னும் வரவில்லை. கையேடும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. மேசைக்கு ஆறு பேர் என்பதால் ஆறு பேராகச் செல்லுங்கள். அவர்களில் பாதிப் பேராவது அந்த வேலையைக் கையால் செய்பவர்களாக இருக்கட்டும். தாள்களை ஒப்படைக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.