வெர்டெக்ஸ் ஃபார்மட்: கார்டிடம் கேட்பதா, கட்டாயப் பட்டியலோடு நிற்பதா?

வல்கனில் (கிராபிக்ஸ் கார்டோடு பேசும் நிரல் இடைமுகம்) எழுதுபவர்கள் பலருக்கும் வரும் குழப்பம் இது. வடிவத்தின் ஒவ்வொரு புள்ளியின் (வெர்டெக்ஸ்) தரவையும் எந்த வகை எண்ணில், எத்தனை பைட்டில் வைப்பது என்பதுதான் வெர்டெக்ஸ் ஃபார்மட். ஓடும்போது கார்டிடம் கேட்டு ஃபார்மட்டைத் தேர்வு செய்யலாம். இல்லையென்றால், எல்லாக் கார்டும் தந்தே ஆக வேண்டும் என்று விதி சொல்லும் ஃபார்மட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வேலை:
கேட்டால், இல்லை என்று பதில் வரும்போது ஓட மாற்றுவழி ஒன்று எழுத வேண்டும். அதையும் சோதிக்க வேண்டும்.
பட்டியல் என்றால் ஒரே வழிதான்.

நினைவகம்:
16 பிட் ஃப்ளோட் மூன்று சேர்ந்தால் 6 பைட். ஆனால் அது கட்டாயப் பட்டியலில் இல்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும்.
பட்டியலில் உள்ள நான்கு 16 பிட் ஃப்ளோட் 8 பைட். 2 பைட் வீண்தான். ஆனால் 4 பைட் எல்லையில் சரியாக உட்கார்ந்துவிடும். எனக்கு இதுவே பிடிக்கும்.

தவறும் இடம்:
ஃபார்மட் பண்புகளைக் கேட்டால் மூன்று விடைகள் வரும்: லீனியர் டைலிங், ஆப்டிமல் டைலிங், பஃபர். முதல் இரண்டும் படங்களுக்கானவை. இந்த ஃபார்மட்டை வெர்டெக்ஸ் தரவுக்குப் பயன்படுத்தலாமா என்று சொல்லும் பிட்டைப் பஃபர் விடையில்தான் பார்க்க வேண்டும். நான் ஆப்டிமல் விடையைப் பார்த்துவிட்டு, டிரைவரைத் திட்டியபடி ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.
பட்டியலில் இந்தத் தொல்லையே இல்லை.

சின்ன விளையாட்டு, கருவி நிரல் என்றால் பட்டியலே போதும். நார்மலுக்கு (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசை) 12 பைட் பிடிக்கும் மூன்று 32 பிட் ஃப்ளோட்டுக்குப் பதில் குறியுள்ள நான்கு 8 பிட் எண்கள் போட்டால் 4 பைட்டில் முடியும். அதுவும் பட்டியலில் இருக்கிறது. கோடிக்கணக்கான புள்ளிகளை ஏற்றும் ஸ்கேன் தரவு என்றால் அந்த 2 பைட்டும் கணக்குத்தான், அப்போது கேளுங்கள்.