பதினெட்டு வயதுக்கு முதல் கார்: பழைய ஆல்டோவா, செகண்ட் ஹேண்ட் நெக்ஸானா, புது டிசையரா?

பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்ததும் பல வீடுகளில் எடுக்கிற முடிவு ஒன்றுதான். பழைய ஆல்டோவிலோ வேகன்ஆரிலோ ஓட்டிப் பழகட்டும், கை திருந்தியதும் நல்ல வண்டி வாங்கலாம். இடித்தாலும் உரசினாலும் மனசு வலிக்காது என்று காரணமும் சொல்வார்கள். பம்பரை மட்டும் பார்த்தால் சரியான கணக்குதான். ஆனால் வீட்டிலேயே அனுபவம் குறைந்தவரை, வீட்டிலேயே பலம் குறைந்த வண்டியில் உட்கார வைக்கிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பதினெட்டு முடியாத பிள்ளைக்குச் சாவி கொடுப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

சரி, வண்டிகளுக்கு வருவோம். முதலில் அந்தப் பழைய ஆல்டோ. குளோபல் என்கேப் அமைப்பு 2014ல் இந்தியாவில் விற்ற சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800க்குக் கிடைத்தது ஐந்துக்குப் பூஜ்ய ஸ்டார். நானோ, ஐ10, ஃபிகோ, ஏர்பேக் இல்லாத போலோ எல்லாவற்றுக்கும் அதே பூஜ்யம்தான். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் எல்லாப் புது கார்களிலும் கட்டாயமாக 2022 ஜனவரி வரை ஆனது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரலில்தான் எல்லாக் கார்களுக்கும் வந்தது. அதனால் 2015, 2016ல் வாங்கிய, விலை குறைந்த பேஸ் வேரியன்ட் என்றால் இவற்றில் எதுவுமே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

புதிதாக ஓட்டுபவருக்கு இதில் ஏபிஎஸ் இல்லாததுதான் பெரிய ஆபத்து. திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தால் பழகாத கால் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் வழுக்கிக்கொண்டு போகும். அனுபவசாலி பிரேக்கை விட்டு விட்டு அழுத்திச் சமாளிப்பார். முதல் வருடத்தில் ஒரு பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

பிள்ளைகள் ஆசைப்படுவது பெரும்பாலும் ஸ்விஃப்ட். பழைய ஸ்விஃப்டுக்கு 2018 சோதனையில் 2 ஸ்டார், விதிகள் கடுமையான பிறகு 2022ல் 1 ஸ்டார். இரண்டு முறையும் பாடி நிலையாக நிற்கவில்லை என்றே அறிக்கை சொன்னது. இதை நான் ஸ்டாரைவிட முக்கியமாக எடுத்துக்கொள்வேன். உட்காரும் இடம் நசுங்காமல் இருந்தால்தான் ஏர்பேக்குக்கும் பெல்ட்டுக்கும் வேலை செய்ய இடம் இருக்கும். ஏர்பேக் எண்ணிக்கையை மட்டும் வைத்து வண்டி வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

இரண்டாவது வழி, நல்ல பாடி உள்ள செகண்ட் ஹேண்ட். இங்கே முதலில் நினைவுக்கு வருவது டாடா நெக்ஸான். 2018 டிசம்பரில் 5 ஸ்டார் வாங்கியது, குளோபல் என்கேப் சோதனையில் அந்த மதிப்பைப் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பு இதுதான். 2020 தொடக்கத்தில் முகம் மாறி வந்தபோது ஈஎஸ்பியும் சேர்ந்தது. வளைவில் வேகமாகத் திருப்பி வண்டி கையை மீறும்போது, தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகப் பிரேக் போட்டு நேராக்கும் ஏற்பாடு அது. அமெரிக்காவில் இளம் ஓட்டுநர்களுக்குக் கார் பரிந்துரைக்கும் ஐஐஎச்எஸ் அமைப்பு ஈஎஸ்பி இல்லாத வண்டியைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. மிகச் சிறிய கார் வேண்டாம், அதிக குதிரைத்திறன் வேண்டாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான்.

எடை நெக்ஸானுக்குச் சாதகம். பெட்ரோல் மாடல் 1,200 கிலோவுக்கு மேல் வரும், பழைய ஆல்டோ 750 கிலோவைச் சுற்றித்தான். ஷோரூமில் பார்க்கிற ஸ்டார் மதிப்பு, ஏறக்குறைய அதே எடையுள்ள வண்டியோடு மோதுவதற்குச் சமமான சோதனையில் கிடைப்பது. எதிரே வருவது கனமான வண்டி என்றால் எடை குறைந்த வண்டிதான் அதிகம் அடி வாங்கும். பாதகம் எஞ்சின். டர்போ பெட்ரோல் சட்டென்று இழுக்கும், உயரமான வண்டி என்பதால் வளைவில் சாய்வதும் தெரியும். அமைதியான எஞ்சின் வேண்டுமானால் ஆல்ட்ராஸ் இருக்கிறது. 2020ல் 5 ஸ்டார், சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல். ஆனால் தொடக்க ஆண்டுகளின் ஆல்ட்ராஸில் ஈஎஸ்பி கிடையாது. போலோவுக்கு இரண்டு ஏர்பேக்கோடு 2014ல் 4 ஸ்டார் கிடைத்தது. திடமான வண்டிதான், ஆனால் 2022லேயே உற்பத்தி நின்றுவிட்டது.

இந்தப் பழைய ஸ்டார்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 பாதிக்கு மேல் விதி மாறியது. பக்கவாட்டில் கம்பத்தில் மோதும் சோதனையும் ஈஎஸ்பியும் கணக்கில் சேர்ந்தன. அதே தலைமுறை ஹோண்டா அமேஸ் 2019ல் வாங்கியது 4 ஸ்டார், 2024ல் 2. எனவே ஸ்டாரோடு சோதனை நடந்த ஆண்டையும் சேர்த்தே பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் எனக்குள்ள உண்மையான கவலை வேறு. 5 ஸ்டார் வாங்கியது தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி. விபத்தில் மாட்டி, கூரையைத் தாங்கும் பில்லரை வெட்டி வெல்டிங் செய்து டிங்கரிங் பார்த்த வண்டிக்கு அந்த மதிப்பு செல்லாது. கதவு ரப்பரை இழுத்துப் பாருங்கள், கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வட்டப் புள்ளிகளாகச் சீராக இருக்கும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே யாரோ கழற்றியிருக்கலாம். சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்ற வண்டியை வெளியே எவ்வளவு பளபளப்பாக்கினாலும், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டில் சேற்றுக்கறை தங்கியிருக்கும். சீட்டுக்கு அடியில் போகும் ஏர்பேக் ஒயர்களும் அதே தண்ணீரில்தான் ஊறியிருக்கும்.

மூன்றாவது, புது டிசையர். 2024 நவம்பரில் அறிமுகமான நான்காம் தலைமுறை. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 5 ஸ்டார், குழந்தைகளுக்கு 4. மாருதிக்குக் கிடைத்த முதல் 5 ஸ்டார் இது, அதுவும் புது விதிகளின்படி. ஆறு ஏர்பேக், ஈஎஸ்பி, எல்லா சீட்டுக்கும் மூன்று முனை பெல்ட், எல்லாம் பேஸ் எல்எக்ஸ்ஐயிலேயே வந்துவிடும். அறிமுகத்தில் ஷோரூம் விலை 6.79 லட்சத்தில் தொடங்கியது, 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைந்தபோது இன்னும் இறங்கியது. எஞ்சின் ஏறக்குறைய 82 குதிரைத்திறன், கற்றுக்கொள்பவருக்குத் தாராளம். எல்எக்ஸ்ஐயில் டச் ஸ்கிரீன் கிடையாது. இதைக் குறையாகச் சொல்வார்கள். முதல் வருடம் ஓட்டும் பிள்ளைக்கு அது நல்லதுதான்.

எடை ஒரு டன்னுக்குள்தான், நெக்ஸானிடம் தோற்பது இதில். அப்புறம், பழைய டிசையரும் பெயரில் டிசையர்தான், அதற்கு இந்த ஸ்டார் சேராது.

என் முடிவு டிசையர் எல்எக்ஸ்ஐ. எடையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும், வண்டியின் பூர்வீகம் முழுக்கத் தெரியும். நம்பிக்கையான மெக்கானிக் கூட இருந்து, சர்வீஸ் புத்தகமும் இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரமும் சுத்தமாக உள்ள 2020க்குப் பிந்தைய நெக்ஸான் கிடைத்தால் அதை எடுங்கள், குறிப்பாக அடிக்கடி ஹைவேயில் போகிற குடும்பம் என்றால். இரண்டுக்கும் பணம் போதாதென்றால், பழைய ஆல்டோவைக் கொடுப்பதற்குப் பதில் ஒரு வருடம் அப்பா, அம்மா வண்டியையே பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஓட்டவிடலாம்.

டிசையர் எடுத்தால் டெலிவரி அன்றே சீட் கவர் மாட்டிவிடாதீர்கள். முன் சீட்டின் ஓரத் தையலைப் பிரித்துக்கொண்டுதான் பக்கவாட்டு ஏர்பேக் வெளியே வரும். கடையில் மாட்டும் தடித்த ரெக்ஸின் கவர் அந்தத் தையலை மூடிவிடும். கவர் கட்டாயம் வேண்டுமென்றால், பக்கவாட்டு ஏர்பேக்குக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பெல்ட் போடாமலே பீப் சத்தத்தை நிறுத்தும் கிளிப்பும் அதே கடையில் தொங்கும். பிள்ளையின் வண்டியில் அது இருந்தால் கழற்றி எறிந்துவிடுங்கள்.