எனக்கு முன்னாடி இன்னா அரைச்சீங்க?

மாவு மில்லுக்குப் போய் யாராவது விமர்சனம் எழுதுவாங்களா என்று என் அக்கா சிரித்தாள். பிரியாணிக் கடைக்கு ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். நான் வெளியே சாப்பிட்டு மூன்று வருஷமாகிறது. என்னிடம் விமர்சனம் செய்ய மிச்சமிருப்பது வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள இந்த ஒரு மில்தான்.

பெயர்ப்பலகை கிடையாது. பச்சைக் கதவு, வாசலில் ஒரு தராசு, உள்ளே மூன்று மிஷின். ஒன்று உலர்மாவு அரைக்கிற கல் மிஷின், ஒன்று மிளகாய், மல்லிக்கு, இன்னொன்று ஈரமாவுக்கு. என் கதை முழுக்க அந்தக் கல் மிஷினைப் பற்றியது.

முதலில் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைக்கிற கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நாலு வருஷம் ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. இரும்பு மாத்திரை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, கடைசியில் ஊசி வழியாகவும் இரும்பு ஏற்றினார்கள். தெம்பு வரட்டும் என்று அம்மா தினமும் ராத்திரி மால்ட் பானம் கலக்கிக் கொடுத்தாள். அதில் இருந்தது கோதுமையும் பார்லியும். ஒரு டாக்டர் 'டென்ஷன்' என்றார், இன்னொருவர் 'மாதவிலக்கு அதிகம்' என்றார். மூன்றாவதாக ஒரு டாக்டரம்மாதான் 'டிடிஜி' என்ற ரத்தப் பரிசோதனை எழுதினார். அது எகிறியிருந்தது. எண்டோஸ்கோப்பி வைத்துச் சிறுகுடலில் சதை எடுத்துப் பார்த்தபோது குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன. சாப்பிட்ட இரும்பு ஒட்ட அங்கே இடமே இல்லை. செலியாக் நோய். மருந்து இல்லை. கோதுமை, பார்லி, ரை என்ற தானியம், இவற்றில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் ஆயுசுக்கும் வாயில் படக்கூடாது, அவ்வளவுதான் வைத்தியம்.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "நாமதான் அரிசி சாப்பிடறவங்களாச்சே, உனக்கின்னா கவலை?" எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வட ஆற்காட்டுக்காரிக்குக் கேவுரு, அதாவது கேழ்வரகு, அந்தக் களியும் கூழும் சோறும் இருக்கும்போது சப்பாத்தி எதற்கு? சப்பாத்தியை நிறுத்தினேன், பரோட்டாவை நிறுத்தினேன், ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் போயிற்று. ஆற்காடு மக்கன் பேடாவில் மைதா இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்குக் கொஞ்சம் அழுதேன், ஒத்துக்கொள்கிறேன். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயும் கோதுமை மாவு. கூட்டுப் பெருங்காயத்தில் சரக்கை நீட்ட மாவு சேர்ப்பார்கள், சிலர் அரிசி மாவு, சிலர் கோதுமை. அதையும் தூக்கிப் போட்டுவிட்டு ரசத்தில் பூண்டை இரண்டு மடங்காக்கினேன்.

ஆறு மாசம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டிடிஜி கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. டயட்டீஷியன் என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். எல்லாம் சரி. அப்புறம் கேட்டார்: "கேழ்வரகு மாவு எங்கே அரைக்கிறீங்க?"

அன்றைக்கு ராத்திரி ஆபீஸ் பழக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். க்ளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு க்ளூட்டன். எனக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்து, மிஷினுக்குள் ஒரே ஒரு டீஸ்பூன், அதாவது 3 கிராம், தங்கியிருக்கிறது என்று வையுங்கள். அதில் 300 மில்லிகிராம் க்ளூட்டன். நான் அரைப்பது 3 கிலோ கேவுரு. கிலோவுக்கு 100 மில்லிகிராம், விதியைப் போல் ஐந்து மடங்கு. மில்லில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்லிலும் துணிக்குழாயிலும் தங்குவது ஒரு டீஸ்பூனோடு நிற்காது. கேவுருவில் கோதுமை மணி கலந்தால் முறத்தில் புடைத்தால் கண்ணுக்குத் தெரியும். மாவில் கலந்தால் தெரியாது.

ஆன்லைனில் க்ளூட்டன் இல்லாத மாவு வாங்கிப் பார்த்தேன். நல்ல மாவுதான். என் சம்பளத்துக்குக் களி கிண்டுகிற மாவு அல்ல.

அதனால் மில் மில்லாகத் திரிந்தேன். முதல் மில்லில் "கோதுமையா? அதெல்லாம் நேத்தே அரைச்சி முடிச்சாச்சு" என்றார்கள், நேற்று அரைத்ததுதான் என் பிரச்சினை என்பது அவர்களுக்குப் புரியவில்லை. இரண்டாவது மில்லில் "மிளகா அரைச்சாதான்மா காரம் ஏறும், கோதுமை ஒண்ணும் பண்ணாது" என்று சமாதானம் சொன்னார்கள். மூன்றாவதுதான் இந்தப் பச்சைக் கதவு. நான் கேட்ட கேள்விகளுக்கு மில்காரர், எல்லாரும் அண்ணா என்று கூப்பிடுகிறோம், சொன்ன முதல் பதில்: "இன்னாம்மா, செக்போஸ்ட்ல நிக்க வெச்சா மாரி கேள்வி கேக்கற?" ஆனால் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டார். அதற்கே பாதி மார்க்.

அவர் செய்து கொடுத்த ஏற்பாடு இது. காலை ஆறரைக்கு மில் திறக்கும். எட்டு மணி வரை அரிசி, கேவுரு, கம்பு மட்டும். கோதுமை எட்டுக்கு மேல்தான். இது எனக்காக வந்த விதி இல்லை, கேவுருக்காரக் கிழவிகள் விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் முன்பே அப்படித்தான் ஓடியதாம். எனக்காக வந்தது மற்ற இரண்டு. ஒன்று, ராத்திரி மில் மூடும்போது தொட்டியையும் கல் மூடியையும் பிரஷ் போட்டுத் தட்டிவிடுவது. இன்னொன்று, துணிக்குழாய்.

மாவு கொட்டுகிற வாயில் ஒரு துணிக்குழாய் கட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் பெரிய திருடன். வருஷக்கணக்காக ஊரார் கோதுமையெல்லாம் அதன் நூலிழையில் ஏறிக் கெட்டித்துப் போயிருக்கும், உதறினால் புகை மாதிரி கிளம்பும். என் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, ஒன்றரை முழத்தில் எனக்கென்று ஒரு குழாய் தைத்துக்கொண்டு போனேன். அண்ணா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் சரியில்லை, மாவு அந்தப் பக்கம் சிந்தும் என்றார். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவளைப் பார்த்து! பிறகு பழைய குழாயை அவிழ்த்தார். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைத்திருக்கிறார், அதை இரண்டு சுற்றுச் சுற்றி என் குழாயை வாயில் இறுக்கினார். இப்போது நான் போனால் சொல்ல வேண்டியதே இல்லை, கை தானாக டியூபுக்குப் போகிறது.

அடுத்தது பச்சரிசி. வீட்டிலிருந்து அரைக்கிலோ கொண்டுபோவேன். கேவுருக்கு முன்னால் அது ஓடும். கல்லிடுக்கில் இருக்கிற மிச்சம் மீதியை அது இழுத்துக்கொண்டு வந்துவிடும். அந்த மாவைத் தனியாகப் பிடித்து, வீட்டில் கோலமாவு டப்பாவில் கொட்டிவிடுகிறேன். எங்கள் வாசல் கோலத்தில் ராணிப்பேட்டை பஸ் ஏறுவதற்குள் எறும்பு மொய்த்துவிடும். அதற்கெல்லாம் செலியாக் கிடையாது.

இதற்கும் மேலே ஒரு நல்ல நாள் உண்டு, கல் கொத்துகிற நாள். கல் வழுவழுப்பானால் மாவு சூடாகி நைந்து வரும், அதனால் அவ்வப்போது கல்லைக் கழற்றி உளியால் வரி வரியாகக் கொத்துவார்கள். அன்றைக்கு மிஷின் முழுக்கப் பிரிந்து கிடக்கும், உள்ளே ஒட்டியதெல்லாம் வெளியே வந்துவிடும். கொத்தியதும் கல்தூள் போக இரண்டு மூன்று கிலோ அரிசி ஓட்டிக் கழிப்பார்கள். அதற்கடுத்த முறை என்னுடையது. முந்தின ராத்திரி அண்ணா போன் செய்வார்: "நாளைக்குக் கல்லு கொத்தறேன்மா, கேவுரு காய வெச்சிக்கினியா?" ஒரு பேச்சுக்கு நல்ல டாக்டருக்கும் இவருக்கும் வித்தியாசம், டாக்டர் என்னைத் தானாகக் கூப்பிட்டதில்லை.

இனி குறைகள்.

அண்ணா இல்லாத நாளில் அவர் தங்கச்சி பையன் உட்காருவான். நல்ல பையன். போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை பஸ்ஸைத் தவறவிட்டு ஏழரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். வழக்கம்போல, "எனக்கு முன்னாடி இன்னா அரைச்ச தம்பி?" "கோதுமை இல்லக்கா, காலைலேர்ந்து கேவுரு, கடைசியா ஒரு சத்துமாவு." சத்துமாவு என்றதும் என் மூளை பாசிப்பயறு, கடலை, ராகி என்று ஓடியது. அரிசியை ஓட்டாமல் நேராகக் கேவுருவைக் கொட்டச் சொன்னேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே! ராத்திரி களி, கருவாட்டுக் குழம்பு. மறுநாள் முழுக்கக் கழிப்பறையில். வயிறு ஊதி, வாயோரம் புண் வந்து, ஒரு வாரம் லீவு போட்டேன். சத்துமாவில் வறுத்த கோதுமையும் பார்லியும் போடாத வீடு இந்த ஊரில் எத்தனை? பையன் பொய் சொல்லவில்லை. தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டியது நான். ஆனால் மில்லுக்குள் நேரம் எழுதி வைத்திருக்கிற பலகையில் 'சத்துமாவு எட்டு மணிக்கு மேல்' என்று ஒரு வரி சேருங்கள் என்று அண்ணாவிடம் மூன்று முறை சொல்லியாயிற்று, இன்னும் சேரவில்லை. ஒரு மார்க் போனது அதற்குத்தான்.

இரண்டாவது குறை அறை. மூன்று மிஷினும் ஒரே அறையில். சாயங்காலம் பறந்த கோதுமைத் தூசு காலையில் ஜன்னல் கம்பியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். துடைப்பத்தால் பெருக்கினால் இன்னும் கிளம்பும். ஈரத்துணியால் துடைக்கச் சொன்னால் 'ஈரம் பட்டா மாவு ஒட்டிக்கும்மா' என்கிறார், அதுவும் உண்மைதான். என் வாளிக்கு மூடியும் ஈரத்துண்டும் நானே கொண்டுபோகிறேன்.

சாயங்காலம் இங்கே கோதுமை ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்டேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து மாசக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் சமைக்கிறார்களே, அவர்கள் கேட்பது முழுக் கோதுமை மாவு. வேலூரில் ரொட்டி வாசனை எந்தத் தெருவிலும் வரும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 2016ல் வெளியான ஓர் ஆய்வு ஞாபகம் வரும், டாக்டரம்மா காட்டியது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று இந்தியாவில் 23,000 பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். செலியாக் வரத் தேவையான மரபணு மூன்று இடத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது, பெரிய வித்தியாசமில்லை. நோய் மட்டும் வடக்கே ஆயிரத்தில் எட்டு ஒன்பது பேருக்கு, தெற்கே பத்தாயிரத்தில் ஒருவருக்கு. வடக்கே ஒருவர் தினம் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம், தெற்கே 25. பத்தாயிரத்தில் ஒருத்தி நான். ஒரு மில்காரர் என்னைத் தெரிந்து வைத்திருப்பதும், மற்ற இரண்டு மில்லில் என்னைப் பைத்தியம் என்று நினைத்ததும் இந்தக் கணக்கால்தான். ராத்திரி டிபனுக்குச் சப்பாத்தி என்று வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டிருக்கும் ஊரில் அந்த 25 எவ்வளவு நாள் நிற்கும் என்று தெரியவில்லை.

ஆடி மாசம் இந்த மில்லுக்குப் போவது மட்டும் திருவிழா. அம்மன் கோயில் கூழுக்காகத் தெருவே கேவுரு மூட்டையோடு நிற்கும், நாள் முழுக்கக் கல்லில் கேவுருதான். நான் எந்த நேரம் போனாலும் ஒன்றுமில்லை. கோயில் கூழைத்தான் குடிக்க முடியாது, வீட்டுக்கு வீடு வாங்கின மாவு ஒரே அண்டாவில் கொட்டுகிறது. சொம்போடு வரிசையில் நின்று, வாங்கி, அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் என் மாவில் கரைத்த கூழைச் சின்ன வெங்காயம் கடித்துக் குடிக்கிறேன்.

போன தை மாசம் எடுத்த ரத்தத்தில் டிடிஜி நார்மல். ஹீமோகுளோபின் 11.8. முள்ளுக்கத்தரி போட்ட காரக்குழம்பும் களியும் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

மார்க்: ஐந்துக்கு நாலு. கூலி கிலோவுக்குப் பத்து ரூபாய், என் பச்சரிசிக்கும் துணிக்குழாய் மாற்றுவதற்கும் அண்ணா காசு வாங்குவதில்லை. போகிறவர்கள் எட்டுக்கு முன்னால் போங்கள். சில்லறை எடுத்துப் போங்கள். சுவரில் ஜிபே அட்டை இருக்கிறது, மாவு படிந்து ஸ்கேன் ஆகாது. புறங்கையால் துடைத்துவிட்டுப் பாருங்கள், கையை மட்டும் கழுவிக்கொள்ளுங்கள், அது எட்டு மணிக்கு மேல் பறந்த மாவு.