சம்பள வித்தியாசம் கேட்க ஒரு தஞ்சாவூர் வக்கீல் ஆபீஸ்: வேலை சுத்தம், போன் மோசம்

வேலையை விட்ட பிறகு சம ஊதியம் கேட்க தஞ்சாவூர் பக்கம் வக்கீல் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆபீஸ் பெயரைப் போடவில்லை, கேஸ் இன்னும் நடக்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நான் பில்லிங் அசிஸ்டன்ட், சம்பளம் 11,000. பக்கத்து மேஜையில் இருந்த பையனுக்கு அக்கவுண்டன்ட் என்று பெயர், 15,500. அவனுக்கு டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். முதலாளியிடம் கேட்டால் "அவன் குடும்பத்தைக் காப்பாத்துறவன்மா" என்றார், நான் என்னவோ பொழுதுபோகாமல் மில்லுக்கு வந்த மாதிரி.

இந்த ஆபீஸில் எனக்குப் பிடித்தது அந்தக் குமாஸ்தா அண்ணன் கேஸ் தயார் பண்ணிய விதம். சட்டமெல்லாம் பேசவில்லை, ஒரு நோட்டை நீட்டி, சம்பா கொள்முதல் நேரத்தில் ஒரு நாள் முழுக்க யார் என்ன செய்தீர்கள் என்று இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதச் சொன்னார். காலையில் நெல் வண்டி வந்தால் எடைச் சீட்டு போடுவது நான், ஈரப்பதம் பார்த்துக் கழிவு எழுதுவது அவன், அவன் லீவு போட்டால் அதுவும் நான், மதியம் பணப் பட்டுவாடா ரெண்டு பேரும், சாயங்காலம் டேலியில் ஏற்றுவது யாருக்குக் கை ஓய்ந்திருக்கிறதோ அவர். "எந்தச் சீட்டுல யார் கையெழுத்துன்னு எழுதுங்கம்மா, கஷ்டப்பட்டேன்னு எழுதாதீங்க" என்றார். எப்போதாவது ராத்திரி லோடு ஏற்றும்போது அவன் மட்டும் இருப்பான், அதையும் மறைக்காமல் எழுத வைத்தார், எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கப்போவது அதைத்தானாம். நடைமுறையில் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லாத வித்தியாசம் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரே மாதிரி வேலைதான், பதவிப் பெயர் என்ன என்பதெல்லாம் அப்புறம்.

வேலையை விட்டாச்சே, இனி என்ன கேட்பது என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். மெக்கின்னன் மெக்கென்சி கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்த பெண் வேலை போன பிறகுதான் 1976 சம ஊதியச் சட்டப்படி மனு போட்டார், 1987இல் உச்ச நீதிமன்றமும் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது என்று வக்கீலம்மா சொன்னார். இப்போது அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது, மனு போட மூன்று வருஷம் வரை டைம். கடைசி மாதச் சம்பளம் வேண்டுமென்றால் "இனி பாக்கி ஏதும் இல்லை" என்று கையெழுத்துப் போடு என்று மில்லில் வாங்கிய தாளைக் காட்டினேன். சட்டப்படி வரவேண்டியதை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்று அதைப் பத்தோடு பதினொன்றாக ஃபைலில் சொருகிவிட்டார்.

இனி குறை. முதலில் 5,000 என்று சொல்லி வாங்கிக்கொண்டு, டைப்பிங், நோட்டீஸ், ஜெராக்ஸ் என்று பிறகு தனித்தனியாகக் கேட்டார்கள், மொத்தமாக முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? போன் அடித்தால் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். அப்புறம் அந்த "பத்து மடங்கு" பேச்சு. வித்தியாசத் தொகைக்கு மேல் பத்து மடங்கு வரை நஷ்டஈடு போட மனுவை விசாரிக்கிற அதிகாரிக்கு அதிகாரம் இருப்பது உண்மைதான், ஆனால் அந்த "வரை"யை ஜூனியர் பையன் முழுங்கிவிட்டுச் சொல்கிறான், வருகிறவர்கள் அப்போதே வீட்டுக் கடனை மனசுக்குள் அடைத்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதையும் முடிந்தே விடும் என்கிற மாதிரிதான் சொல்வான்.

கடைசி மாதச் சம்பளம் மட்டும் பாக்கி என்றால் இங்கே காசு கொடுக்காதீர்கள். மனுவை வக்கீல் இல்லாமல் நாமே போடலாம், பதிவான சங்கத்தில் உறுப்பினர் என்றால் சங்கமே போடும். ஆம்பளை சம்பளம், பொம்பளை சம்பளம் என்கிற வித்தியாசக் கேஸுக்கு மட்டும் இவர்களிடம் போகலாம். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு எடுத்துப்போங்கள், உங்கள் கையெழுத்து இருக்கிற சீட்டு எது கிடைத்தாலும் போட்டோ இருக்கட்டும். சாயங்காலம் ஆறுக்கு மேல் போங்கள், பகலில் போனால் வக்கீலம்மா கோர்ட்டில் இருப்பார், ஜூனியர் பையன்தான் மாட்டுவான்.