வேலையாட்களை நிறுத்தாத ஒரு வர்க்கிக் கடை

உதகை மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் விறகு அடுப்பில் வர்க்கி என்னும் மொறுமொறுப்பான அடுக்குப் பலகாரத்தைச் சுட்டு விற்கும் இந்தச் சிறிய பேக்கரியை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம், மே மாதக் கூட்டத்தில் வாங்கினாலும் ஆடி மழையில் வாங்கினாலும் வர்க்கி ஒரே தரத்தில் இருப்பதுதான். அடுக்குகள் பொரபொரவென்று பிரிகின்றன, அடி கருகுவதில்லை, வனஸ்பதி நாக்கில் ஒட்டுவதில்லை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் ஊட்டி வர்க்கி என்ற பெயரில் எதையெதையோ விற்கும் ஊரில் இது சாதாரணமன்று.

சீசன் முடிந்ததும் மாஸ்டரையும் உதவியாளர்களையும் இக்கடை நிறுத்திவிடுவதில்லை. தரம் மாறாததற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து. வர்க்கி மாவில் ஈஸ்ட் கிடையாது. வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை சேர்த்துப் புளிக்கவைத்த கலவைதான் அதை எழுப்புகிறது. குளிரும் ஈரமும் நாளுக்கு நாள் மாறும் இம்மலையில் அது எப்போது பதமாகும், ஈர விறகில் அடுப்பின் சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையெல்லாம் பழகிய கைதான் அறியும். அந்தக் கை சில மாதங்கள் கட்டட வேலைக்கோ கேரட் மூட்டை ஏற்றவோ போய்விட்டுத் திரும்பினால் பழைய பதம் உடனே வராது. அதையே காரணம் காட்டி முதலாளிகள் கூலியைக் குறைத்துப் பேசுகிறார்கள். அப்படிக் குறைந்த கூலிக்குச் சேர்ந்தவர், அடுத்த சீசனிலும் அதிலிருந்தே பேரத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஜூனில் போகப்போகிற பையனுக்கு மாவு தேய்க்கக் கற்றுக்கொடுத்து என்ன பயன் என்று கணக்குப் போடும் கடைகளில், அவன் எத்தனை சீசன் வந்தாலும் தட்டு கழுவுகிறவனாகவே நின்றுவிடுகிறான்.

எல்லாத் தொழிலிலும் இழப்பு இப்படியே நேர்வதில்லை. 1960இல் இதே உதகையில் நிறுவப்பட்ட, புகைப்படப் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நலிந்தபோது, பிலிமில் ரசாயனம் பூசும் நுணுக்கம் அறிந்தவர்களின் திறமை மதிப்பிழந்தது. கை மறந்துபோனதால் அல்ல, அதற்குக் கூலி கொடுக்க அக்கம்பக்கத்தில் வேறோர் ஆலை இல்லாததால். வர்க்கி மாஸ்டருக்கு ஊரெங்கும் வேலை உண்டு, ஆண்டு முழுவதும் இல்லை என்பதே சிக்கல்.

மழைக்காலத்தில் இக்கடை குறைவாகச் சுட்டு, குன்னூர், கோத்தகிரி டீக்கடைகளுக்கு அனுப்புகிறது. அம்மாதங்களில் கூலி குறைவு என்பதை மாஸ்டர் மறைக்கவில்லை. ஆனாலும் வேலை அறுந்துபோவதில்லை. உதவியாளராகச் சேர்ந்த ஒருவர் இப்போது அடுப்பைத் தனியாகவே கவனிக்கிறார், அதற்கேற்பக் கூலியும் உயர்ந்திருக்கிறது.

விலை பக்கத்துக் கடைகளைவிடச் சற்று அதிகம். மேற்சொன்ன காரணத்தால் அதை நான் குறையாகக் கருதவில்லை. மசாலா வர்க்கியில் காரம் தூக்கலாக இருப்பதும், உட்கார இடம் இல்லாததும் குறைகளே. காகிதப் பையில்தான் தருகிறார்கள், பனிமூட்ட நாளில் வீடு சேர்வதற்குள் நமுத்துவிடும் என்பதால் மூடியுள்ள டப்பா கொண்டுபோவது நல்லது. மாலையில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது; காலையிலேயே போய்விடுங்கள்.