குளிக்கப் போன இடத்தில் கார் ரேஸ்

தஞ்சாவூர் பக்கம் வயலுக்கு நடுவே ஒரு தீம் பார்க் ரிசார்ட். இரண்டு நாள் தங்கினோம். அறை சுத்தம், காலைப் பொங்கலில் முந்திரி தாராளம். ஆனால் சாயங்காலம் பின்பக்கத் திடலில் பழைய கார்களை வைத்து ரேஸ் ஆரம்பித்தார்கள் பாருங்கள், பால்கனியில் காயப்போட்ட துண்டெல்லாம் புழுதி, மாமியார் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அமெரிக்காவில் டிஸ்னி வேர்ல்ட் தீம் பார்க்கும் இப்படித்தான் ஒரு மைல் ரேஸ் டிராக் போட்டு, 1996ல் இண்டி என்ற பந்தயக் கார்களையும் அடுத்த வருஷம் நாஸ்கார் என்ற பந்தய அமைப்பின் டிரக்குகளையும் ஓடவிட்டது, 2000க்கு அப்புறம் அந்தப் பெரிய பந்தயங்கள் இல்லை, 2015ல் டிராக்கையே மூடியாகிவிட்டது. ரேஸ் பார்க்கத்தான் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறதே! பையனுக்கு மட்டும் ஒரே குஷி. மூன்று நட்சத்திரம், அதில் ஒன்று பொங்கலுக்கு.